பழைய பிரதிகளில் இல்லாத பெண்

திருச்சபையின் இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றில் இதுவரை நிகழாத மகத்தான நிகழ்வு ஒன்று நிகழ்ந்துவிட்டது என்பதை அகில உலகத்துக்கும், குறிப்பாக மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டுக்கும், இதனால் அறிவிக்கலாகிறது: மீட்பர் ஆலயத்தின் பாஸ்டர் அருள்குமார் டாக்டர் பட்டம் பெற்றுவிட்டார். புதிய ஏற்பாட்டின் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் ஆராய்ச்சி. அறிவிப்பை ஃப்ளெக்ஸ் அடித்துக் கட்டியிருந்தார்கள். அதில் பாஸ்டர் ஆளுயரத்துக்கு நின்றார். இயேசு மேல் மூலையில் பாஸ்போர்ட் சைஸில் இருந்தார்.

பட்டம் வாங்கிய கையோடு ஆலயத்தில் சிறப்புச் சொற்பொழிவும் நடந்தது. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசுவிடம் இழுத்து வருகிறார்களே, பாவம் செய்யாதவன் முதல் கல்லைப் போடட்டும் என்று அவர் சொல்கிறாரே, அந்தக் கதை யோவான் சுவிசேஷத்தின் மிகப் பழைய பிரதிகளில் கிடையாது, பிற்காலத்தில் யாரோ சேர்த்தது என்று விளக்கினார். கிரேக்க எழுத்துகளைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். சபையில் பாதிப் பேர் தூங்கினார்கள். மீதிப் பேர் பிரியாணி வண்டி வந்துவிட்டதா என்று வாசலைப் பார்த்தார்கள். கூர்ந்து கேட்டவர் ஒரே ஒருவர், சபைச் செயலாளர் நவநீதன். தக்காளி மண்டிக்காரர். எந்தச் சரக்கு என்றைக்கு விலைபோகும் என்று தெரிந்தவர்.

மறுமாதம் கோகிலவாணி செத்துப்போனாள்.

புருஷன் செத்த பிறகு லாரி டிரைவர் தர்மனோடு குடும்பம் நடத்தியவள். தர்மனுக்கு ஓசூரில் பெண்டாட்டி உண்டு. அதற்காகச் சபை அவளுக்குத் திருவிருந்தின் அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் நிறுத்தி வைத்திருந்தது. அவள் வருவதை நிறுத்தவில்லை. கடைசி வரிசையில், செருப்பு விடும் இடத்தையொட்டி உட்காருவாள். அப்பத்தட்டு எடுத்து வரும் நேரத்தில் தலையைக் குனிந்துகொள்வாள். புற்றுநோய் வந்து எழுந்து நடக்க முடியாமல் போகும்வரை அப்படித்தான் வந்தாள்.

மகள் வெண்மதி பாஸ்டர் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா வேற ஒண்ணுமே கேக்கலைங்க. தம்பி பக்கத்துல படுக்க வெச்சிருங்கன்னு மட்டும் சொல்லிச்சு."

வெண்மதியின் தம்பி சின்ன வயதில் காய்ச்சலில் போனவன். ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் வேலியோரம் கிடந்தான். அவன் பக்கத்தில் ஓர் ஆள் படுக்க இடமிருந்தது. ஆனால் திருவிருந்து நிறுத்தப்பட்டவர்களை அங்கே அடக்கம் பண்ணலாமா கூடாதா என்று சொல்ல வேண்டியது கமிட்டி.

"நான் பாத்துக்கறேம்மா," என்றார் அருள்குமார். மனசாரத்தான் சொன்னார்.

ஆலயத்தின் பின்னறையில் கமிட்டி கூடியது. கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. கோகிலவாணி வீட்டில் ஃப்ரீசர் பெட்டியும் அதே கரண்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"கல்லறைத் தோட்டம் என்னாங்க, சந்தையா? யாரு வேணா வந்து எடம் போட்டுக்க?" என்றார் நவநீதன். "நாளைக்கு நம்ம வூட்டுப் பொண்ணுங்க கேட்டா என்னா பதில் சொல்றது?"

"செத்த பொணத்துகிட்ட என்னாய்யா ஒனக்கு வீராப்பு?" என்றார் ராஜாமணி. பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையரான கிழவர். கமிட்டியில் அவர் கை எந்தப் பக்கமோ மற்றவர்கள் கையும் அந்தப் பக்கம். "கர்த்தரே அந்தப் பொம்பளைய ஒண்ணும் சொல்லாம வுட்டுட்டாரு. நாம என்னா அவருக்கு மேலயா?"

இரண்டு தலைகள் ஆடின. அருள்குமாருக்கு நெஞ்சு லேசானது. காரியம் முடிந்த மாதிரிதான்.

"எந்தப் பொம்பளைய?" என்றார் நவநீதன்.

"யோவான்ல வருதே. கல்லெறிய வந்தாங்களே."

"அது சேத்தியில்லீங்களே! நம்ம டாக்டரே படம் போட்டுக் காட்டுனாரு. நீங்க கொறட்டை வுட்டுக்கிட்டு இருந்தீங்க." எல்லோரும் சிரித்தார்கள். "பாஸ்டர், சொன்னீங்களா இல்லீங்களா?"

"சொன்னேன். ஆனா பழைய பிரதிகள்ல இல்லேங்கறதுக்காக நடக்கவே இல்லைன்னு ஆயிடாது. அது பழைய வாய்மொழி மரபா இருக்கலாம். அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு."

"கருத்து வேறுபாடுன்னா ஓட்டுக்கு வுட்டுருவோம்," என்றார் நவநீதன்.

ராஜாமணி கையமர்த்தினார். "இருப்பா. பாஸ்டர், அந்த ஆராய்ச்சியெல்லாம் ஒரு பக்கம் கெடக்கட்டும். கர்த்தர் அப்பிடிச் சொன்னாருன்னு நீங்க நம்புறீங்களா? ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் கையத் தூக்கறேன்."

அருள்குமார் அரூரில் வளர்ந்தவர். அவருடைய அம்மாவையும் தெருவில் விபசாரி என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடம் படிக்கையில் ஒரு நாள் ஜெபக்கூட்டத்தில் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, என் அம்மாவுக்காகப் பேசவும் ஒருவர் இருக்கிறார் என்று அழுதவர். அதற்குப் பிறகுதான் இயேசு, வேதாகமக் கல்லூரி, எல்லாம். அங்கே முதல் வருஷமே இது பழைய பிரதிகளில் இல்லை என்று வாத்தியார் சொன்னபோது பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டு அழுதார். அப்புறம் அழாமல் அதைச் சொல்லப் பழகினார். பழகி முடித்ததற்குத்தான் டாக்டர் பட்டம்.

ஆமாம் என்ற வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் வாய்மொழித் தேர்வில் பேராசிரியர்கள் முன்னால் பேசிய குரல் முந்திக்கொண்டது.

"நம்பிக்கை என்பதை நாம் எந்தப் பொருளில் புரிந்துகொள்கிறோம் என்பதைப் பொறுத்து..."

ராஜாமணி தூக்குவதற்கு வைத்திருந்த கையை மடியில் போட்டுக்கொண்டார்.

கோகிலவாணியை ஏரிக்கரைச் சுடுகாட்டில் புதைத்தார்கள். மணி அடிக்கவில்லை. அங்கி போடக் கூடாது என்று கமிட்டி சொல்லியிருந்ததால் அருள்குமார் சட்டை பேண்டில் நின்றார். தர்மன் காக்கிச் சட்டையோடு தள்ளி ஒரு வேலமரத்தடியில் நின்றான்.

"ஏதாச்சும் படிங்க," என்றாள் வெண்மதி.

யோவான் எட்டாம் அதிகாரத்தைத் திறந்தார். கல்லோடு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்று போய், அவள் மட்டும் தனியே நிற்கும் இடத்தில் குரல் உடைந்தது. பிரதி, மரபு, கருத்து வேறுபாடு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. எழுத்துக்கு எழுத்து நம்பினார். குழி வெட்டியவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, இவர் எப்போது முடிப்பார் என்று காத்திருந்தார்.

வெண்மதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இத அந்தக் கமிட்டியிலயே படிச்சிருக்கலாமேங்க."

அருள்குமார் வேதாகமத்தை மூடினார்.

ஃப்ளெக்ஸைக் கழற்றி நவநீதன் மண்டியில் தக்காளிப் பெட்டிகளுக்கு மேல் போட்டு மூடியிருக்கிறார். வேலியோரம் பையன் பக்கத்து இடம் காலியாகத்தான் இருக்கிறது.