கடல் பக்க ஜன்னல்

போகும்போது கடல் இடப்பக்கம் வரும், அப்படியென்றால் இந்தத் தடவை முன் சீட் ஜன்னல் எனக்குத்தான் என்று அவள் மனதுக்குள் மறுபடியும் சொல்லிக்கொண்டாள்.

கண்ணாடிக் கடையில் ஊரார் கண்ணையெல்லாம் சோதித்துவிட்டு வீடு திரும்பியதும், கைபேசி வரைபடத்தில் அந்தச் சாலையை விரலால் தடவிக்கொண்டே இருப்பாள். மலைக்கும் கடலுக்கும் நடுவே வளைந்து போகும் சாலை. அது முடியும் இடத்தில் காரோடு படகில் ஏறினால் தீவு. பயணம் நெருங்க நெருங்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அந்தக் குடும்பத்தில் அவளுக்கு மட்டும்தான் காரில் வாந்தி வராது. அந்தப் புண்ணியத்துக்கு, கல்யாணமான நாள் முதல் பெட்டிகளோடு கடைசி சீட்டில் உட்காருகிறாள். எத்தனையோ மலை, எத்தனையோ அருவி போய்வந்தார்கள். அவள் பார்த்ததெல்லாம் நாத்தனாரின் கொண்டையைத்தான்.

"வளைவுல அக்காவுக்குத் தலை சுத்தும். முன் சீட்டை அவளுக்குக் குடுத்துடலாம்," என்றான் கணவன். "உனக்குத்தான் இரும்பு வயிறாச்சே, பின்னாடி அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

நாத்தனார் சிரித்தாள். "கடல் எங்கேயும் ஓடிப்போயிடாதும்மா. தீவுல இறங்கினதும் ஆசை தீரப் பாத்துக்கோ."

"சரி" என்ற சொல் வழக்கம்போல நாக்கு நுனிக்கு வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"இல்லைங்க, முன்னாடி நான் உட்கார்றேன்."

"அப்போ அக்கா?"

"அண்ணிக்கு வாந்திப் பை வாங்கி வச்சிருக்கேன்," என்று மெல்லச் சொல்லிவிட்டு, அவள் மறுபடியும் கைபேசியில் அந்தச் சாலையைப் பார்க்கத் தொடங்கினாள்.