ராசு சமைத்த வீடு

ஞானேஸ்வரி குவைத்திலிருந்து ஜெயபுரத்துக்குத் திரும்பி வந்து பதினொரு நாளாகியும் அவளுக்கு அந்த வீட்டில் செய்வதற்கு ஒரு வேலையும் அகப்படவில்லை. ஐந்து வருடம் இன்னொருத்தியின் வீட்டில் காலை நான்கரைக்கு எழும்பிப் பழகிய உடம்பு, இங்கேயும் அதே நேரத்துக்கு எழும்பியது. எழும்பிப் போய்க் குசினி வாசலில் நிற்பாள். உள்ளே அவளுடைய கணவன் ராசு அடுப்பை மூட்டிவிட்டிருப்பான். ஏன் இப்பவே எழும்பினாய், போய்ப் படு என்பான். அவளும் போய்ப் படுப்பாள். நித்திரை வராது. முகட்டுச் சிலாகைகளைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள்.

கவலை என்று சொல்லவும் ஒன்றுமில்லை. ஒன்பது வயதில் விட்டுப்போன மகள் கஜேந்தினி தன் தோளுயரத்துக்கு வளர்ந்து வாசற் படலையடியில் வந்து நின்றபோது, இது அழவேண்டிய இடம் என்று தெரிந்ததே தவிர அழுகை வரவில்லை. அயலவர்கள் வந்து பார்த்தார்கள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். சொக்கிலேற் பைகளைப் பிரித்துப் பங்கிட்டாள். யாரோ சொல்லிவைத்த வேலைகளை ஒவ்வொன்றாக முடிப்பது போல இருந்தது.

அவள் போகும்போது ராசுவுக்குத் தேத்தண்ணி மட்டும்தான் வைக்கத் தெரியும். இப்போது அவன் சமைப்பதைப் பார்க்க வேறொரு ஆள் போல இருந்தான். பருப்பைக் குறைத்துப் போட்டு, பப்பாசிக்காயைச் சிறிதாக வெட்டி அதற்குள் கரைய விடுவான்; கறி தடிப்பாக வரும், இரண்டு வேளைக்குக் காணும். வாழைக்காய்க் கறி வைத்தால் தோலை எறியமாட்டான். மெல்லிசாக அரிந்து செத்தல் மிளகாயும் வெங்காயமும் போட்டுச் சுண்டுவான். அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீரில் கீரை வேகும். சோறு நன்றாகக் கொதித்ததும் பானையை அடுப்பில் வைத்திருக்க மாட்டான். வைக்கோல் அடைத்த பெட்டி ஒன்றுக்குள் இறக்கிச் சாக்கால் மூடிவிடுவான். முக்கால் மணித்தியாலத்தில் அது தன்பாட்டில் வெந்திருக்கும், விறகு மிச்சம். எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் சனம் வரிசையில் நின்ற வருடம் பழகியதாம். கிழமைக்கு ஒருநாள்தான் கடை. அதுவும் சாப்பிட்டுவிட்டுத்தான் போவான். வெறும் வயிற்றோடு கடைக்குப் போனால் கண்டதெல்லாம் வாங்கச் சொல்லும் என்று மகளுக்குச் சொன்னான்.

அவனுடைய கூலிக் காசு குசினிக்கு, அவள் அனுப்பியது வீட்டுக்கு என்று ஆரம்பத்திலேயே பிரித்துவிட்டான். அப்படித்தான் தகரக் கொட்டில் இருந்த காணியில் சுவர் எழும்பி, ஓடு ஏறியது. ரெலிபோனில் அவள் கேட்கும்போதெல்லாம் நாங்கள் நல்லாச் சாப்பிடுகிறோம், நீ உன்ரை உடம்பைப் பார் என்றுதான் சொன்னான். அவளும் தான் நல்லாச் சாப்பிடுவதாகத்தான் சொன்னாள்.

பன்னிரண்டாம் நாள் ராசு அலுவலாகக் கிளிநொச்சிக்குப் போனவன் கடைசி பஸ்ஸில்தான் வந்தான்; சாப்பிட்டதும் படுத்துவிட்டான். மகள் படித்துக்கொண்டிருந்தாள். ஞானேஸ்வரி முதல் தடவையாகக் குசினிக்குள் தனியே நின்றாள். பாத்திரங்களைக் கழுவினாள். அடுப்படியைத் துடைத்தாள். சட்டியில் மிஞ்சிக் கிடந்த சோற்றையும், பருப்பையும், ஒரு கிண்ணத்தில் துருவி மூடியிருந்த தேங்காய்ப்பூவையும் ஒரு பையில் கொட்டி, வாயை இறுக்கிக் கட்டி, குப்பைக் கிடங்கில் கொண்டுபோய்ப் போட்டாள். கை தானாகச் செய்தது. பிறகு கையைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

காலையில் பாத்திரம் திறக்கும் சத்தம் கேட்டது. கஜேந்தினி பள்ளிக்கூடச் சட்டையோடு வெறும் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ராசு முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

"அம்மா, இதிலை இருந்த சோறு எங்கை?"

"எறிஞ்சிட்டன்."

கஜேந்தினி தகப்பனைப் பார்த்தாள். பிறகு, சத்தம் உயர்த்தாமலே சொன்னாள்:

"அதுதான் எங்கடை காலமைச் சாப்பாடு. அப்பா தண்ணி ஊத்தி வைச்சு வெங்காயமும் மிளகாயும் போட்டுக் கரைச்சுத் தருவார். நீங்கள் வெளிநாட்டிலை இருந்து வந்தனீங்கள், உங்களுக்கு எறியலாம்."

ராசு மகளை அதட்டவில்லை. மாப் பேணியை இறக்கி, இருந்த கோதுமை மாவில் உப்பும் தண்ணீரும் விட்டுப் பிசையத் தொடங்கினான். பிசைவதற்கு நடுவில்தான் திரும்பிப் பார்த்தான். மனைவி இரவு துடைத்த அடுப்படியின் பக்கத்தில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கூப்பிட்டால் ஓடிவரத் தயாராக நிற்கும் ஆளைப் போல நின்றாள். இரு, என்று கதிரையைக் காட்டினான். இருந்தாள்.

பிறகு அவளே சொன்னாள். கேட்காமல்தான் சொன்னாள். குவைத்தில் அந்த வீட்டில் ஒரு நேரத்துக்கு இருபது பேருக்குச் சமைப்பதாம். ஆட்டிறைச்சி, மீன், பெரிய தட்டில் மலை போலச் சோறு. பாதிக்கு மேல் மிஞ்சும். மிஞ்சியதையெல்லாம் கறுப்புப் பையில் கொட்டிக் கட்ட வேண்டும். வீட்டுக்காரி வாசலில் நின்று பார்ப்பாள்.

"கட்டி முடியுமட்டும் நிண்டு பார்ப்பா. அதிலை நான் ஒரு வாய் எடுத்திடுவன் எண்டு."

மாப் பிசைந்த கை நின்றது.

"அப்ப நீ என்ன சாப்பிட்டனி?" ராசு கேட்டான்.

"பாண் துண்டு."

"வேறை?"

"தேத்தண்ணி. சில நாளிலை முட்டை."

"ரெலிபோனிலை இறைச்சி எண்டெல்லோ சொன்னனி."

"நீங்களும் மீன் எண்டுதானே சொன்னனீங்கள்."

அதைச் சொன்னபோது அவளுடைய குரல் பஸ் நேரம் சொல்வது போல இருந்தது. அவளுக்கே அது கேட்டது. நெஞ்சுக்குள் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. ராசு திரும்பி ரொட்டியைத் தட்டத் தொடங்கினான். வழமையைவிடக் கனநேரம் அந்த ஒரு ரொட்டியையே தட்டிக்கொண்டிருந்தான். கஜேந்தினி அம்மியில் மிளகாயும் உப்பும் வைத்துச் சம்பல் அரைத்தாள். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது மகள் தன் தட்டிலிருந்த பாதி ரொட்டியை எடுத்துத் தாயின் தட்டில் வைத்துவிட்டுப் போனாள். ஞானேஸ்வரி அதையும் சாப்பிட்டாள்.

அந்தக் கிழமை கச்சான் கடலை பிடுங்கும் வேலை தொடங்கியது. ராசு போவது அப்புத்துரையின் தோட்டத்துக்கு. அப்புத்துரை கையிருப்பு அதிகம் இல்லாத மனிதர். ஆனால் வேலைக்கு வருகிறவர்களை மத்தியானம் பசியோடு விடமாட்டார். வழமையாகச் சமைக்கும் பெண்ணுக்குக் காய்ச்சல். பத்துப் பேருக்குச் சமைக்க ஆள் தெரியுமா என்று அவர் ராசுவிடம் கேட்டிருந்தார். ராசு வீட்டுக்கு வந்து அதைச் சொன்னானே தவிர, நீ போகிறாயா என்று கேட்கவில்லை.

"நான் போறன்," என்றாள் ஞானேஸ்வரி.

"அங்கையும் போய்ச் சமைக்கவோ? கொஞ்ச நாள் இரன்."

"இருந்து பாத்திட்டன்."

அன்று பின்னேரம் அவள் கஜேந்தினியிடம்தான் கேட்டாள்: பருப்புக்கு எவ்வளவு பப்பாசி, எப்போது போடுவது, பெட்டியில் இறக்க முதல் எத்தனை கொதி. மகள் முதலில் சுருக்கமாகச் சொன்னாள். பிறகு எழும்பி வந்து, அப்பா முதலில் உப்புப் போடமாட்டார், போட்டால் பருப்பு வேகப் பிந்தும் என்று செய்து காட்டினாள். தாய் இருபது பேருக்குச் சமைத்தவள் என்பது அவளுக்கு மறந்திருந்தது. ஞானேஸ்வரியும் ஞாபகப்படுத்தவில்லை.

அப்புத்துரை அரிசியும் பருப்பும் ஒரு தேங்காயும் தந்தார். மற்றதெல்லாம் அவள் காணியைச் சுற்றி எடுத்தாள். வேலியோரம் முருங்கையிலை, பின்பக்கம் இரண்டு பப்பாசிக்காய், யாரும் கவனிக்காத வாழைக்குலையில் ஒரு சீப்பு. ஒரு தேங்காயில் முதற்பாலைப் பருப்புக்கும் இரண்டாம் பாலைச் சொதிக்கும் விட்டு, பிழிந்த பூவை முருங்கையிலையோடு வறுத்தாள். பன்னிரண்டரைக்கு வேலைக்காரர் மரத்தடிக்கு வந்து இருந்தார்கள். எல்லாருக்கும் இரண்டாம் தரம் போட்டும் சட்டியில் கொஞ்சம் இருந்தது. பார்த்துக்கொண்டு நிற்க அங்கே ஒருவரும் இல்லை. அவளும் ஒரு தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு அவர்களோடு நிலத்தில் இருந்தாள்.

பக்கத்தில் இருந்த ராஜினி என்ற பெண் விரலால் கறியைக் கிளறிப் பார்த்து, பருப்புக்குள் என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்டாள். ஞானேஸ்வரி சொல்லத் தொடங்கினாள். காயைக் கீறிப் பால் வடிய விட வேண்டும், விதையை எடுத்துவிட வேண்டும், சிறிதாக வெட்டினால்தான் கரையும் என்று நிறுத்தாமல் சொன்னாள். இவ்வளவு நீளமாக யாரோடும் கதைத்து எத்தனை நாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. ராஜினி தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டாள்.

பாத்திரம் கழுவும்போது அப்புத்துரை வந்து நாளைக்கும் வருவாயா பிள்ளை என்று கேட்டார்.

"ஓம், வாறன்."

ராசு கை கழுவிக்கொண்டு நின்றவன் அதைக் கேட்டான். நாளைக்கு என்றால் முருங்கையிலை காணாது, குளக்கட்டுப் பக்கம் முளைக்கீரை கிடக்கிறது, வெயில் தாழ ஆய்ந்துகொண்டு வருகிறேன் என்றான்.

"நானும் வாறன்," என்றாள் அவள்.