கிணறு பார்க்க வந்தவர்கள்

மாமனாருக்காகக் கீழ்த்தளத்திலேயே ஒரு கழிப்பறை கட்டித் தர வேண்டும் என்றுதான் தையல்காரி கொல்லையில் குழி வெட்டச் சொன்னாள். பக்கவாதம் வந்து அவருக்கு ஒரு கால் விழுந்துவிட்டது. வீட்டிலிருந்த ஒரே கழிப்பறையோ மாடியில். இடுப்பளவு ஆழம் போனதும் கடப்பாரை எதன்மேலோ மோதியது. மண்ணை விலக்கினால், சுட்ட களிமண் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறக்கிய பழைய கிணறு.

"மூடிட்டு ரெண்டடி தள்ளி வெட்டச் சொல்லு" என்றான் பஸ் ஓட்டும் கணவன்.

அவளுக்கு மனம் கேட்கவில்லை. தொல்லியல் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அப்போதுதான்.

வந்து பார்த்தவர்கள் இது உறைகிணறு, ஈராயிரம் வருஷத்துக்கு முந்தியது என்றார்கள். செய்தித்தாளில் அவள் படம் வந்தது. தெருவே கொண்டாடியது. பிறகுதான் உத்தரவு வந்தது: கொல்லையில் இனி ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது, ஒரு கம்புகூட ஊன்றக் கூடாது. விற்றுவிட்டு வேறெங்காவது போகலாம் என்றால், சொந்தக் கொல்லையில் துணிகூடக் காயப்போட முடியாத வீட்டை யார் வாங்குவார்கள்?

அதோடு விட்டார்களா என்றால் இல்லை. மக்கள் வந்து பார்க்க வேண்டும் என்று சனிக்கிழமைகளை ஒதுக்கினார்கள். கொல்லைக்குச் சந்து கிடையாது. வருகிறவர்கள் கூடத்தின் வழியாக, மாமனாரின் கட்டிலை உரசிக்கொண்டு, அடுப்படியைத் தாண்டித்தான் போயாக வேண்டும். சிலர் போகிற போக்கில் பாத்திரத்தைத் திறந்து பார்த்தார்கள்.

கூட்டத்தை அழைத்து வந்த பெண் அதிகாரி நல்லவள். வாசலில் செருப்பைக் கழற்றுவாள், பெரியவரைக் குனிந்து விசாரிப்பாள். "நீங்கதான்க்கா இந்தக் கிணத்துக்குக் காவல்" என்பாள். கத்தித் தீர்த்துவிடலாம் என்றால் அதற்கும் இடம் கொடுக்காத குணம். பூவால் கட்டினாலும் கட்டு கட்டுதானே?

ஒரு சனிக்கிழமை, கூட்டம் வருமுன், மாமனாரின் உதடு வெடித்திருப்பதைக் கண்டு தையல்காரி தண்ணீர் நீட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேணாம்மா."

"காலையில காப்பியும் குடிக்கல. உடம்புக்கு என்ன மாமா?"

பெரியவர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உள்ள போனா வெளிய வரணும்ல. அவன் வண்டிக்குப் போயிட்டான். மாடிக்கு யார் தூக்குவா? இத்தனை பேர் நடக்கிற எடத்துல நீ பாத்திரத்தை ஏந்திக்கிட்டு நிக்கணுமா? சனிக்கிழமை நான் தண்ணி குடிக்கிறதில்ல. எத்தனையோ வாரமாச்சு."

வீட்டுக்குள்ளேயே இருந்தும் அவளுக்கு அது தெரியவில்லை. டம்ளரை அவர் வாயில் வைத்து, முழுதும் குடிக்கும்வரை எடுக்காமல் நின்றாள். பிறகு போய் வாசல் கதவைத் தாழிட்டாள்.

கூட்டம் வந்தது. கதவு தட்டப்பட்டது. "அக்கா, என்னாச்சு? எல்லாரும் வெயில்ல நிக்கிறாங்க."

அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். திறந்தால் இவர்கள், திறக்காவிட்டால் அலுவலகம், உத்தரவு, போலீஸ். எலிப்பொறியில் எந்தப் பக்கம் திரும்பினால்தான் என்ன? கட்டிலிலிருந்து மாமனார் மெல்லக் கூப்பிட்டார்.

"அம்மா... குடிக்க வச்சிட்டே. இப்ப வருது."

அவள் எழுந்து கதவை அகலத் திறந்தாள்.

"கிணறு எங்கயும் ஓடிடாது. மொதல்ல நாலு பேர் உள்ள வாங்க. எங்க மாமாவ மாடிக்குத் தூக்கணும். அவர் போயிட்டு வந்தப்புறம் கிணத்தைப் பாருங்க."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கழுத்தில் கேமரா தொங்கிய பருமனான ஆள் முதலில் அதைக் கழற்றி அதிகாரியிடம் கொடுத்தார். பின்னால் மூவர் வந்தார்கள். நாற்காலியோடு தூக்கினார்கள். படி குறுகல், திரும்பும் இடத்தில் நாற்காலி சுவரில் இடித்தது.

"மெதுவாப்பா" என்றார் பெரியவர். "நானும் பழசுதான். ஒடஞ்சா ஒட்டவைக்க ஆள் கெடையாது."

யாரும் சிரிக்கவில்லை. கூடம் முழுக்க ஆட்கள் நின்றார்கள். மாடியில் தண்ணீர் கொட்டும் சத்தம் அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

அதிகாரி தாழ்ந்த குரலில் கேட்டாள். "ஏன்க்கா எங்கிட்ட சொல்லல? வாராவாரம் எப்படி இருக்கார்னு கேட்டேனே."

"எப்படி இருக்கார்னு கேட்டீங்க. எங்க போறார்னு கேக்கல."

அதிகாரி அதற்குப் பிறகு அலுவலகத்தில் நடையாய் நடந்தாள். வாசல் பக்கம் இருந்த தையல் அறையின் தரையைத் தோண்டிப் பார்த்து, அடியில் வெறும் மணல்தான் என்று எழுதி வாங்கினாள். அந்த அறையே கழிப்பறையானது. தையல் மெஷின் கூடத்துக்கு வந்தது.

"சனிக்கிழமையை மட்டும் நிறுத்தச் சொல்லுங்களேன்" என்றாள் தையல்காரி ஒருநாள் அதிகாரியிடம்.

"அது என் கையில இல்லக்கா" என்று அவள் தலை குனிந்தாள். பொய் சொல்லவில்லை.

இப்போது பெரியவர் வேண்டிய மட்டும் குடிக்கிறார். சுவரில் அடித்த கம்பியைப் பிடித்துத் தானே நகர்ந்து போகிறார். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து பாட்டுக்கூடப் பாடுகிறார். தையல்காரி மெஷினைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருக்கிறாள். முதுகுக்குப் பின்னால் ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். போன வாரம் ஒரு பெண் நின்று, "இந்த மெஷினை ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்றாள்.

"கிணறு அந்தப் பக்கம்" என்றாள் இவள், மிதிப்பதை நிறுத்தாமல்.

அப்போது கழிப்பறையிலிருந்து மாமனார் துண்டு கேட்டுக் குரல் கொடுத்தார். அவள் எழுந்தாள். கூடம் அடைத்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தன் வீட்டுக்குள்ளேயே, "கொஞ்சம் வழி விடுங்க" என்று கேட்டுக் கேட்டு நடந்தாள்.