குண்டில்லாத விமானம்

முருகையா பொம்மை விமானத்தை இரண்டு கையாலும் ஏந்தி வந்து, சவப்பெட்டிக்குள் கிடந்த அண்ணனின் கால்மாட்டில் வைக்கக் குனிந்தபோதுதான் நவமணி அதன் வயிற்றைப் பார்த்தாள். திறந்திருந்த கதவுகளுக்குள் எட்டுக் குண்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. நேற்று அவள் கணவர் பரஞ்சோதி இறந்தபோதுகூட அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

"இத யாரு ஒட்டினது?"

"நான்தான் அண்ணி." அழுது அழுது முருகையாவின் கண் வீங்கியிருந்தது. "மேசை லாச்சில மருந்துப் பைக்குள்ள கெடந்துச்சு. அண்ணன் பாதில விட்டுட்டுப் போயிட்டாரு. குறை வெச்சு அனுப்பக் கூடாதுல்ல. இப்பத்தான் ஒட்டுனேன்."

அவளுக்குக் காலையிலிருந்து அழுகை வரவில்லை. இப்போது கோபம் வந்தது. விமானத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

பரஞ்சோதி கூலிம் ஹைடெக் பூங்காவின் சிப் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் சாப்பாட்டு மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டு இந்தப் பிளாஸ்டிக் விமானத்தைச் செய்ய ஆரம்பித்தார். நாலு இஞ்சின், முழ நீள இறக்கை, சண்டைக் காலத்துக் குண்டு விமானம். பசை நாற்றத்தில் சோறு இறங்கவில்லை என்று நவமணி போட்ட சண்டைக்குக் கணக்கே இல்லை. லூனாஸில் மற்ற ஆம்பிளைகள் மீன் பிடிக்கப் போகிறார்கள், கோழி வளர்க்கிறார்கள், இந்த மனுசனுக்கு மட்டும் ஏன் இந்தச் சனியன்?

ஒரு நாள் அதை அவரிடமே கேட்டுவிட்டாள்.

அவருடைய தாத்தா பிச்சையை ஜப்பான்காரன் காலத்தில் செமிலிங் பக்க ரப்பர் தோட்டத்திலிருந்து சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப் போனார்கள். காய்ச்சலுக்கும் அடிக்கும் தப்பியவர், பாலத்தை உடைக்க வந்த வெள்ளைக்காரன் விமானத்தின் குண்டு தவறிக் கூலி லயத்தில் விழுந்ததில் செத்தார். அது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான்.

"தாத்தா கடைசியா பார்த்தது இதைத்தான். எப்படி இருந்துச்சுன்னு தெரியணும்லா," என்றார் பரஞ்சோதி. குண்டுகளை மருந்துப் பையில் போட்டு, மேசை லாச்சியை இழுத்து அதற்குள் வைத்து மூடினார். "இத மட்டும் வைக்க மாட்டேன். அது சும்மா வந்துட்டு சும்மா போகட்டும்."

அதன் பிறகு நவமணி பசை நாற்றத்தைப் பற்றிப் பேசவில்லை. அவர் இதை வேறு யாரிடமும் சொன்னதாகவும் தெரியவில்லை.

"மூணு மணிக்குச் சுடலைல இருக்கணும் அக்கா," என்றார் பெட்டிக்காரர். "மூடிடலாமா?"

"அஞ்சு நிமிஷம்."

சமையலறைக்குப் போய் விமானத்தைத் துண்டின் மேல் கவிழ்த்துப் போட்டாள். அவருடைய இடுக்கியால் இழுத்தாள். முதல் குண்டு நூல்நூலாகப் பசையோடு வந்தது. இடுக்கி வழுக்கியது. விரலாலேயே பிடித்து இழுத்தாள்; பசை விரல்களில் அப்பிக்கொண்டது. மகள் ஷாமளா வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, என்ன பண்றீங்க? எல்லாரும் வெயிட் பண்றாங்க."

"பண்ணட்டும். அந்தக் கத்திய எடு."

ஏழு வந்துவிட்டன. எட்டாவது இறுகிப் போயிருந்தது. கத்தி முனையால் நெம்பியதில் ஒரு கதவும் சேர்ந்து உடைந்தது. அவர் இருந்திருந்தால் இதற்கு இரண்டு நாள் பேசியிருக்கமாட்டார். எட்டையும் தேயிலைச் சக்கை கிடந்த குப்பைத் தொட்டியில் போட்டாள்.

முருகையா பின்னாலேயே வந்திருந்தார். "தப்பா ஒட்டிட்டேனா அண்ணி?"

"இல்ல தம்பி. அண்ணன் இது வேண்டாம்னு சொல்லியிருந்தாரு."

அவர் விமானத்தின் காலி வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நீங்களே வெச்சிருங்க," என்றார்.

நவமணி விமானத்தைக் கணவரின் காலடியில், மூக்கு வெளிப்பக்கம் பார்க்க வைத்தாள். யாரோ வாய்க்கரிசித் தட்டை நீட்டினார்கள். ஒரு பிடி அள்ளி, அவர் வாய்க்கு நேரே கையை விரித்தாள்.

கொஞ்சம்தான் விழுந்தது. மீதி அரிசி அவள் விரல்களில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"உதறுங்கம்மா," என்றாள் ஷாமளா மெதுவாக.

உதறினாள். விழவில்லை. பெட்டிக்காரர் மூடியைப் பிடித்தபடி நின்றார். நவமணி கட்டைவிரலால் ஒவ்வொரு அரிசியாகத் தள்ளிவிட ஆரம்பித்தாள்.