எளப்புக்கு மருந்து

முறுக்கு அச்சைப் பிடித்துக்கொண்டே ஜெபம் பண்ணிவிடலாம் என்று பார்த்தாள் எழில்மதி. ‘ஆண்டவரே’ என்று ஆரம்பித்தால் அடுத்து ‘எண்ணெய் காய்ந்துவிட்டது’ என்றுதான் வந்தது. மறுபடியும் ‘ஆண்டவரே’ என்றாள். வாசலில் பந்தல்காரர் வந்து நின்று, “யம்மா, கம்பம் எங்க நடறது?” என்று கேட்டார். அன்றைய ஜெபம் அதோடு முடிந்தது.

கள்ளக்குறிச்சியில் அவர்களுடையது சின்ன சபை. போதகர் வெற்றிவேலை எல்லோரும் ஐயர் என்பார்கள், அவர் மனைவி எழில்மதியை ஐயரம்மா என்பார்கள். டிசம்பர் பிறந்துவிட்டால் ஐயருக்குப் பிரசங்கம் ஒன்றுதான் வேலை, மிச்சமெல்லாம் ஐயரம்மா தலையில். வீடு வீடாகக் கீத பவனி பாடிப் போய் வருகிற கூட்டத்துக்கு டீ போட வேண்டும், கிறிஸ்மஸ் நாடகத்துத் தேவதூதர்களுக்குச் சிறகு தைக்க வேண்டும், மூன்று ஞானிகளில் ஒருவன் அம்மை போட்டுப் படுத்துவிட்டால் இன்னொரு ஞானியையும் அவளே பிடித்துவர வேண்டும். இதெல்லாம் அவளுக்குப் பிடிக்கும். பிடிக்காமல் செய்திருந்தால்கூடப் பரவாயில்லை. பிடித்துச் செய்தும் உள்ளே காலிப் பானை மாதிரி இருந்ததுதான் பயமாக இருந்தது. இந்த மாதத்தில் ஒருநாளாவது அவள் நிம்மதியாக ஜெபித்ததாக ஞாபகம் இல்லை. ஐயர் வீட்டுக்காரிக்கே ஜெபம் வரவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? ஐயரிடம் சொன்னால் அவர் உடனே தலையில் கைவைத்து ஜெபிப்பார். அதுவும் தெருவுக்கே கேட்கிற மாதிரி.

இந்த லட்சணத்தில், கிறிஸ்மஸுக்கு முந்தின பெண்கள் கூட்டத்தில் அவள்தான் தேவசெய்தி கொடுக்க வேண்டும். தலைப்பைப் பெண்கள் சங்கச் செயலாளர் சாலம்மாள் முடிவு செய்து சொல்லிவிட்டாள். ‘இளைப்பாறுதல்’. அதைக் கேட்டதிலிருந்து எழில்மதிக்கு அதே யோசனைதான். தன்னிடம் இல்லாததை எப்படி எடுத்துக் கொடுப்பது?

கூட்டத்துக்கு முதல்நாள் சங்கத்துப் பெண்கள் போர்வை கொடுக்கக் கல்வராயன் மலைக்குப் போனார்கள். வெள்ளிமலை தாண்டி ஜீப் நின்றுவிட்டது. அதற்குமேல் ஒற்றையடிப் பாதைதான். பாதி ஏற்றத்திலேயே எழில்மதிக்கு மூச்சு வாங்கியது. “நீங்க இங்கயே உக்காருங்க ஐயரம்மா, நாங்க மேல இருக்கற ஊருக்குப் போய்க் குடுத்துட்டு வந்துடறோம்” என்று சாலம்மாள் அவளை முதல் வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனாள்.

அங்கே எழில்மதியின் வயதுதான் இருக்கும், ஒருத்தி சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். பெயர் வெள்ளச்சி. யாரானாலும் நீ என்றுதான் பேசுவாள் போல.

“எங்கிருந்து வர்ற?”

“கள்ளக்குறிச்சிங்க. கிறிஸ்மஸுக்குப் போர்வை குடுக்க வந்தோம்.” விட்டுப்போன மூச்சைப் பிடித்தாள். நாளைய கவலை வாயில் வந்துவிட்டது. “நாளைக்குக் கூட்டம் வேற இருக்குது. இளைப்பாறுதலப் பத்திப் பேசணும்…”

வெள்ளச்சி முறத்தைக் கீழே வைத்தாள். “எளப்பா? அதான் பாத்தேன், ஏறும்போதே புஸ்ஸு புஸ்ஸுன்னு வந்த. எத்தினி வருசமா இருக்குது?”

“ஐயோ, இது அந்த எளப்பு இல்லங்க. மனசுக்கு…”

“எங்கூட்டு ஆளுக்கும் இருக்குது. பனி பேஞ்சா ராவெல்லாம் உக்காந்துக்கினுதான் இருப்பாரு.” சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். ஒரு கடுக்காயைக் கல்லில் வைத்துத் தட்டி, கொட்டையை எறிந்துவிட்டுத் தோலை மட்டும் நீட்டினாள். “வாயில அடக்கிக்க. மெல்லக்கூடாது. ஊறுற தண்ணி மட்டும் எறங்கணும். பேசிடாத, பேசினா மருந்து வேலை செய்யாது.”

மரியாதைக்காக வாங்கிப் போட்டுக்கொண்டாள். துவர்ப்பு தாடையைப் பிடித்து இழுத்தது. விளக்கம் சொல்ல வாயைத் திறக்கப் போனாள், வெள்ளச்சி முறைத்தாள். கைப்பையில் போன் அடித்தது. “அடிச்சிக்கினு கெடக்கட்டும்” என்று வெள்ளச்சி மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டாள்.

சாமை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பந்தல், சிறகு, முறுக்கு எல்லாம் ஒவ்வொன்றாக மனசுக்குள் வந்து நின்றன. ஐயரம்மா வாயில் கடுக்காய் இருந்ததால் பதில் கிடைக்காமல் திரும்பிப் போயின. ‘ஆண்டவரே’ என்று உள்ளுக்குள் சொன்னாள். அடுத்த வார்த்தை வரவில்லை. வர வேண்டும் என்றும் தோன்றவில்லை. அந்த ஒரு வார்த்தையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாரோ, அவசரமே இல்லாத யாரோ, கூட உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. கண்ணில் நீர் முட்டியது. மருந்து பிடித்துவிட்டது என்று வெள்ளச்சி திருப்தியாகத் தலையாட்டினாள்.

மேலூரிலிருந்து மற்றவர்கள் இறங்கி வந்தபோது எழில்மதி சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவர்களைத்தான் வெள்ளச்சி பிடிபிடி என்று பிடித்தாள். “எளப்புக்காரிய ஏன்டி மலையேத்துறீங்க?” எழுந்ததும் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். துவர்த்துக் கிடந்த வாய்க்கு அது இனித்தது. கிளம்பும்போது எழில்மதியின் முந்தானை நிறையக் கடுக்காய் கொட்டினாள்.

மறுநாள் மதியம் பெண்கள் கூட்டத்துக்கு வந்தார்கள். ஒருத்தி கையில் மாவு காயவில்லை, ஒருத்தி தையற்கடையிலிருந்து நேராக வந்திருந்தாள், சாலம்மாள் பிரியாணிக்காரரிடம் போனில் சண்டை போட்டுக்கொண்டே உள்ளே வந்தாள். பாட்டு முடிந்ததும் எழில்மதி எழுந்து ஆளுக்கொரு கடுக்காய்த் தோல் கொடுத்தாள்.

“இன்னா ஐயரம்மா இது?”

“எளப்புக்கு மருந்து. வாயில அடக்கிக்குங்க. மெல்லக்கூடாது, பேசக்கூடாது.”

“செய்தி எப்போங்க?” என்றாள் சாலம்மாள்.

எழில்மதி தன் பங்கை வாயில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

முகங்கள் கோணின. யாரோ சிரிக்கப் பார்த்து, அடக்கிக்கொண்டார்கள். பிறகு அதுவும் நின்று, மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. சாலம்மாளின் தலை மெல்லச் சரிந்து எழில்மதியின் தோளில் விழுந்தது. ஒரு பக்கக் கன்னம் உப்பியிருக்க, லேசாகக் குறட்டை வந்தது. எழில்மதி தோளை அசைக்கவில்லை.

பந்தல்காரர் வாசலில் எட்டிப் பார்த்தார். “யம்மா, கம்பம்…” என்று ஆரம்பித்தவர், உள்ளே பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, அப்படியே நின்றார்.