பூட்டுக்காரர் தீர்ப்பு

கதிரவன் மேற்கே சாய, முறைமன்றத்து நெடுந்தூண்களின் நிழல் தெருவைக் கடந்து எதிர்வரிசைக் கடைப்படிகளில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. கறுப்பு அங்கியைக் கழற்றித் தோளில் இட்ட வழக்கறிஞர்களும், இன்னொரு தவணை பெற்று முகம் வாடிய வழக்காடிகளும் படியிறங்கிக் கலைந்துகொண்டிருந்தனர். அத்தெருவின் கோடியில் அரத்தின் ஒலியும் எண்ணெயின் மணமும் ஓயாத சிறு பட்டறை ஒன்றுண்டு. நயமறிந்த அன்பரே, அதன் வாயிற்பலகையில் இருந்த குடிப்பெயரை அவ்வூரில் அறியாதார் இல்லை; அப்பெயருக்குரிய மனிதரை அறிந்தாரோ மிகச் சிலர்.

தலைமுறை தலைமுறையாய்ப் பூட்டுச் செய்தமையால் 'பூட்டுக்காரர்' என்பதே அக்குடியின் பெயராயிற்று. இன்றோ, செய்யாத குறும்புக்குத் தாயிடம் அடிவாங்கும் பிள்ளையும், "பூட்டுக்காரர் தீர்ப்பு சொல்லாதேம்மா!" என்று அழுகிறது. சந்தையில் பழி சுமந்தவன், "என்னைப் பூட்டுக்காரர் ஆக்கிடாதீங்க" என்று கைகூப்புகிறான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்ற முதுமொழியைக் கூட அவ்வூர் மறந்துவிட்டது. இப்பெயரே போதுமென்று இருந்துவிட்டது.

பட்டறையை இப்போது நடத்துபவள் அப்பெயருக்குரிய அம்மனிதரின் ஒரே மகள். அவள் தந்தை செய்த பூட்டுக்குத் திறவுகோலை இருமுறை சுழற்றவேண்டும். முதற்சுழற்சியிலேயே 'டக்'கென ஒலி எழும். ஆயினும் பூட்டின் நாக்கு தன் துளையில் ஏறாது; இரண்டாம் சுழற்சியிலேயே ஏறும். ஆதலால் வாங்குவோரைத் தம் கண்முன்னே பூட்டச்செய்து, கதவை இழுத்துப் பார்க்கவைத்த பின்னரே திறவுகோலைத் தருவது அக்குடியின் வழக்கம். ஒரே ஒருநாள், ஊர்ப்பெருவணிகர் தாம் வராமல் வேலையாளை அனுப்பினார். பெரிய மனிதராயிற்றே என்று இவரும் வற்புறுத்தாமல் கொடுத்துவிட்டார். அதுவொன்றே அவர் செய்த பிழை.

பின்னொரு நாள் வணிகர் வீட்டில் அப்பூட்டிட்ட பெட்டியிலிருந்து வைரமாலை காணாமற்போயிற்று. பூட்டு உடையவில்லை, உடையாத பூட்டைத் திறக்க வல்லவர் அதைச் செய்தவர்தாமே என்று ஊரார் முடிவுகட்டினர்.

"ரெண்டு சுத்து சுத்தணுங்க ஐயா. அவர் ஒரு சுத்தோட விட்டிருப்பார். பெட்டியைக் கொண்டாந்து ஒரு தடவை இழுத்துப் பாருங்க, போதும்" என்று கூண்டில் நின்று மன்றாடினார் அவர். வணிகரோ, "சத்தம் கேட்டுச்சு, பூட்டினேன்" என்றார். நடுவர் பெட்டியை வருவிக்கவில்லை. விதித்தது பத்தாண்டுச் சிறை. நான்காம் ஆண்டில் நெஞ்சுநோய் கண்டு அவர் அங்கேயே மாண்டார். ஆறாம் ஆண்டில் வணிகரின் மைத்துனன் சாகுங்கால், "இழுத்தேன், தானா திறந்துச்சு" என்று உண்மையைக் கக்கினான். தீர்ப்பு, தாளில் மட்டும் திருந்திற்று.

முறைமன்ற நிழல் நீண்ட அந்த மாலைப்பொழுதில் பட்டறைப் படியேறினார் கோலூன்றிய முதியவர் ஒருவர். தந்தையைச் சிறைக்கு அனுப்பிய நடுவர் அவரே என்பதை மகள் கண்டவுடன் உணர்ந்தாள். அரத்தைக் கீழே வைத்தாள். அவரோ, சொல்லவந்ததைச் சொல்லமாட்டாமல், "சின்னப் பெட்டிக்கு ஒரு பூட்டு வேணும்மா" என்றார்.

தந்தை செய்துவைத்த கடைசிப் பூட்டினை, சிறு பெட்டியொன்றில் பொருத்தி அவர்முன் வைத்தாள். "பூட்டுங்க ஐயா."

அவர் திறவுகோலைச் சுழற்றினார். 'டக்'கென்றது. நிமிர்ந்து கையை நீட்டினார், பெட்டியைத் தரச்சொல்லி.

"இழுத்துப் பாருங்க."

இழுத்தார். மூடி ஓசையின்றித் திறந்துகொண்டது. முதியவர் அப்படியே முக்காலியில் அமர்ந்தார். "மன்னிச்சுடும்மா" என்ற சொல் ஒருவாறு வெளிவந்தது.

"எங்கப்பா கேட்டது இந்த ஒரு இழுப்புதான் ஐயா." அவள் கண்ணீரைத் துடைக்கவுமில்லை, மறைக்கவுமில்லை. "மன்னிக்க எனக்கு இன்னும் மனசு வரலை. ஆனா ஒண்ணு கேக்கறேன். அது நீங்க குடுத்த தீர்ப்பு. தப்புப் பண்ணின உங்க பேரு ஊருக்கு மறந்துபோச்சு, எங்கப்பா பேருதான் அதுக்கு நிக்குது. அந்தப் பேரைத் திருப்பிக் குடுங்க."

மறுநாள் முறைமன்றப் படியில் நின்று, தம் பெயரை உரக்கக் கூறி, "அது பூட்டுக்காரர் தீர்ப்பு இல்லைங்க, என் தீர்ப்பு" என்றார் முதியவர். கூடியவர்கள் தலையசைத்தனர்; சிலர் கண்கலங்கவும் செய்தனர். மூன்றாம் நாள், பட்டறை வாயிலில் வண்டியோட்டிகள் இருவர் பூசலிட, "இதென்னடா பூட்டுக்காரர் தீர்ப்பு!" என்றான் ஒருவன். உள்ளே அரத்தின் ஒலி சற்று நின்று, மீண்டும் தொடங்கிற்று. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? நடுவர் பெயர் எவர் நாவிலும் ஒட்டவில்லை.

அந்திப்பொழுதில் பட்டறையைச் சாத்திய மகள் திறவுகோலை இருமுறை சுழற்றினாள். பின் கதவை ஒருமுறை இழுத்தும் பார்த்தாள். அதற்கு ஆவது ஓர் இமைப்பொழுது. அவ்விமைப்பொழுதை ஒருவர் ஈய மறுத்தமையால் ஓர் உயிர் போயிற்று. உயிர் போன பின்னும் வீடு திரும்பாமல், அவள் தந்தையின் பெயர் இன்றளவும் பிறர் பழியைச் சுமந்து தெருத்தெருவாய் அலைகின்றது.