யார் பெத்த பொண்ணோ

அம்மாவின் கால்களுக்கு ரோஜா வெள்ளை சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது, குழி வெட்டும் மண்ணாங்கட்டி வாசலில் வந்து நின்று, எலும்பைச் சுற்ற ஒரு துணி வேண்டும் என்றார். அழுதுகொண்டிருந்த வீடு கப்சிப்பென்று ஆனது.

அந்த ஊர்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் அது வழக்கம்தான். குடும்பக் குழியைத் திறந்து, முன்னால் போனவரின் எலும்பைத் துணியில் சுற்றிக் காலடியில் வைத்துவிட்டு, புதிதாய் வருகிறவரை இறக்குவார்கள். ஆனால் இந்தக் குழியில் கிடப்பது யார் என்பதில்தான் இந்த வீடு பல வருஷமாய் இரண்டுபட்டுக் கிடந்தது.

மூத்தவள் ஜெனித், விழுப்புரம் ஜவுளிக்கடை வேலைக்குப் போவதற்காக மஞ்சள் சுடிதாரில் திண்டிவனத்தில் பஸ் ஏறினாள். கடைக்குப் போய்ச் சேரவில்லை. அவ்வளவுதான் தெரியும். போலீஸ் வந்தது, ஊர் வாய்க்கு வந்ததைப் பேசியது, அம்மா செபஸ்தியம்மாள் பஸ் ஸ்டாண்டே கதியென்று கிடந்தாள். மழைக்காலம் முடிந்த சமயம், பெருமுக்கல் பக்கம் கல்குவாரித் தண்ணீரில் ஒரு பெண் மிதந்தாள். முகம் அடையாளம் தெரியவில்லை. மஞ்சள் சுடிதார் மட்டும் தெரிந்தது. ஜெனித்தின் தம்பி இன்னாசிராஜ் போய்ப் பார்த்துவிட்டு, அக்காதான் என்று சொல்லிவிட்டான். அந்த உடலைக் கொண்டுவந்து இந்தக் குழியில்தான் புதைத்தார்கள். அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எந்தப் பெண்ணிடம்தான் மஞ்சள் சுடிதார் இல்லை என்று கேட்டதோடு சரி. ஜெனித் படத்துக்கு மாலை போட அவள் கடைசிவரை விடவில்லை.

இப்போது அந்தக் குழியைத் திறக்கச் சொன்னதும் அம்மாதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இன்னாசியின் கையைப் பிடித்துக்கொண்டு, என்னையும் அங்கேயே போடு என்றிருக்கிறாள். கடைசியில் அம்மாவுக்கு மனசு ஆறிவிட்டது என்று துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அவன் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி. ரோஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பீரோவிலிருந்து அம்மா கோயிலுக்குக் கட்டும் பட்டுச்சேலையை எடுத்து அண்ணனிடம் நீட்டினாள்.

"எலும்புக்குப் பட்டுச்சேலையா? பழைய வேட்டி இருந்தா குடு."

"அம்மா இதத்தான் குடுக்கச் சொல்லிச்சு."

"அக்காவுக்கா?"

ரோஜா அம்மாவின் சாக்ஸை இன்னொரு தரம் சரிசெய்தாள்.

"அக்காவுக்கு இல்லண்ணே. நீ டீ வாங்கப் போயிருந்தப்ப எங்கிட்ட சொல்லிச்சு. 'யார் பெத்த பொண்ணோ, நம்மூட்டுக் குழியில தனியா கெடக்குது. அவங்கம்மா இன்னும் தேடிக்கினு இருப்பா. நான் போய்க் கூடப் படுத்துக்கறேன்'னு. வூட்டப் பூட்டி வைக்காதீங்க, அக்கா வந்தா நின்னுக்கினு இருக்கும்னும் சொல்லிச்சு."

இன்னாசிராஜ் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். மடித்த சேலையைப் பிரித்தான், திரும்பவும் மடித்தான். வாசலில் மண்ணாங்கட்டி இருமினார். அவன் எழுந்து போய்ச் சேலையை அவர் கையில் கொடுத்தான்.

கல்லறைத் தோட்டத்தில் சாமியார் ஜெபம் முடித்தார். பெட்டி இறங்கியது. அதன் காலடியில் பட்டுச்சேலை மூட்டை சின்னதாய்த் தெரிந்தது. மூத்த பிள்ளை முதலில் மண் போடட்டும் என்று சாமியாருக்கு உதவியாக நின்ற உபதேசியார் வழக்கம்போலச் சொன்னார். எல்லாரும் இன்னாசியைப் பார்த்தார்கள்.

அவன் குனிந்து ஒரு பிடி அள்ளினான்.

"இது எங்க அக்காவோடது," என்று சொல்லிப் போட்டான்.

அவள் குழிக்குள்ளேதானே இருக்கிறாள் என்று பின்னாலிருந்து ஓர் அத்தை முணுமுணுத்தாள். அவன் திரும்பவில்லை. மறுபடி குனிந்து தன் பங்கை அள்ளினான்.

அடுத்தது ரோஜா. மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டத்து வாசல் பக்கம் பார்த்தாள். திண்டிவனத்திலிருந்து வந்த பஸ் ரோட்டில் நின்று, நாலைந்து பேரை இறக்கிவிட்டுக் கிளம்பியது. அவர்கள் எல்லாரும் ரோட்டைக் கடந்து போகும்வரை அவள் மண்ணைப் போடவில்லை.